காளான் அறை விசிறி

என் மனைவி செல்வநாயகி காளான் அறைக்குள் இருக்கிறாள். போன மழைக்காலத்தில் காளான் படுக்கைகளுக்குத் தண்ணீர் தெளிக்கப் போனவள். இன்னும் தெளித்து முடியவில்லை.

கதவு பூட்டியில்லை. திறந்தால் அறை இருக்கும். உறிகளில் வைக்கோல் பைகள் தொங்கும். பைகளின் ஓட்டைகளில் சிப்பிக் காளான்கள் கொத்துக் கொத்தாகப் பிதுங்கி நிற்கும். அவள் இருக்கமாட்டாள். கதவைச் சாத்தினால் உள்ளேயிருந்து பேசுவாள்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டும் பார்த்துவிட்டேன். அப்போது அவள் சமையலறையிலிருந்து பேசினாள். கதவைத் திறந்து ஓடினேன். அடுப்பில் பால் மட்டும் பொங்கிக்கொண்டிருந்தது. நான் பால் வைக்கவில்லை. அணைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம்தான் அவள் இருக்கிற இடம். இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

அது எனக்குப் பழகிவிட்டது. பழகாதது விசிறி.

எங்கள் வீடு கோயம்புத்தூரில், ஒரு அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில் இருக்கிறது. பின்னறையைக் காளானுக்கு ஒதுக்கியது என் யோசனைதான். காளானும் நம்மைப் போல மூச்சு விடும். அது விடுகிற காற்றை வெளியே தள்ளாவிட்டால் காம்பு நீண்டு, தலை சுருங்கி, கோணல் மாணலாக வளரும். சந்தையில் ஒருத்தனும் சீந்தமாட்டான். அதற்காகச் சுவரில் ஓட்டை போட்டு ஒரு எக்ஸாஸ்ட் விசிறி வைத்தேன். அது போடுகிற கூச்சலில் அவள் பேசுவது புரியவில்லை. குரல் கேட்கிறது. ஏதோ கேட்கிறாள், ஏதோ சொல்கிறாள், ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தாள். ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

நான் கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவளிடம் பேசுவேன். நான் அதிகம் பேசாதவன். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனாலும் வீட்டு நடப்பு அவளுக்குத் தெரிய வேண்டாமா? காளான் விலை, லிஃப்ட் ரிப்பேர், வாசலில் கோலம் போட வருகிற பெண் புள்ளி தப்பாக வைத்தது, என் பெரியப்பா மகனின் மூட்டுவலி, அவள் வைக்கிற ரசத்துக்கும் நான் வைக்கிற ரசத்துக்கும் உள்ள வித்தியாசம், அந்த வித்தியாசத்துக்கு யார் காரணம், எல்லாம் சொல்வேன். விசிறியைத் தாண்டிக் கேட்க வேண்டுமே என்று தொண்டையை உயர்த்தியே சொல்வேன். சொன்னதையே இன்னொரு தடவையும் சொல்வேன். அவள் பதில்தான் எனக்குக் கிடைக்கவில்லை. நாள் பூராவும் ஒருத்தி பேசிக்கொண்டே இருக்க, அதில் ஒன்றும் கிடைக்காமல் இருப்பது கொடுமை. எனக்கு அழுகை வரும். அழுதுகொண்டே பேசுவேன்.

விசிறியை நிறுத்திவிட்டால் ஆயிற்று என்று நினைப்பீர்கள். ஒருநாள் கரண்ட் போயிற்று. விசிறி நின்றது. உடனே அவள் இருமினாள். இருமலுக்குப் பின்னால் காற்றை இழுத்து இழுத்துப் பார்க்கிற சத்தம் வந்தது. கிணற்றில் வாளி தண்ணீரைத் தொடாமல் உரசுகிற மாதிரி இருந்தது. நான் கதவைத் திறக்கப் போனேன். அதற்குள் கீழே ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார்கள். ஜெனரேட்டர் விசிறிக்கு அப்பன். அன்று குரல்கூடக் கேட்கவில்லை.

ஆக, விசிறி ஓட வேண்டும். சத்தம் போக வேண்டும். அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

என் மைத்துனன் வேலுச்சாமியைக் கூப்பிட்டேன். செல்வநாயகியின் தம்பி. கணபதி பகுதியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறான். அக்கா என்றால் அவனுக்கு உயிர். வந்ததும் கதவில் காதை வைத்தான்.

"அக்கா என்ன சொல்லுது மாமா?"

"தெரியல மாப்ள."

"நல்லாருக்குதான்னு கேட்டீங்களா?"

"கேட்டன். சொன்னா. கேக்கல."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்பேனரை எடுத்தான்.

"சத்தம் பாதி ஃபேன்ல இல்லீங் மாமா. செவுத்துல இருக்குது. ஃபேன் ஆட ஆடச் செவுரு பேசுது."

விசிறியைச் சுவரிலிருந்து கழற்றினான். பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி வளையங்களாக்கி, அந்த வளையங்களில் விசிறியைத் தொங்கவிட்டான். சுவரைத் தொடாமல் அது அந்தரத்தில் சுற்றியது. சத்தம் சட்டென்று குறைந்தது. சுவர் வாயை மூடிக்கொண்டது. நாங்கள் இருவரும் கதவில் காதை வைத்தோம். செல்வநாயகி பேசிக்கொண்டிருந்தாள். முன்பு குரல் மட்டும் கேட்டது. இப்போது ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி கேட்டது.

"முன்னேற்றந்தான்," என்றேன்.

"ஆட்டம் எங்கியோ போயிருக்கோணுமே," என்றான் வேலுச்சாமி.

கீழ்வீட்டுக்குப் போயிருந்தது. அங்கே துளசிமணி இருக்கிறார். மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், சாது. மரியாதைக்காக ஒரு நடை போய்ப் பார்த்தேன். சோபாவில் உட்கார்ந்திருந்தார். உடம்பு முழுக்க மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. கையிலிருந்த காப்பி டம்ளரில் வட்டம் வட்டமாக அலை.

"தொந்தரவுங்களா?" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க," என்றார். பற்கள் கிடுகிடுவென்றன. "மொதல்ல கால்ல வந்துச்சு. இப்ப இடுப்பு வரைக்கும் வந்துருச்சு. ஒடம்புக்கு நல்லதுன்னு இவ சொல்றா."

அவர் மனைவி ருக்மணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "ஏனுங்ணா, இன்னும் கொஞ்சம் வேகமா வெக்க முடியுங்களா?" என்று கேட்டார்.

அடுத்த முறை போனபோது துளசிமணி சோபாவில் இல்லை. சமையல் மேடைமேல் இருந்தார். கிரைண்டர் ஆகியிருந்தார். முகம் பழைய முகம்தான், மூடிக்குப் பக்கத்தில் இருந்தது. ருக்மணி அவருக்குள் ஊறின உளுந்தைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாவு எப்படிங்க வருது?" என்றேன். வேறு என்ன கேட்பது?

"பொங்கிப் பொங்கி வருதுங்க," என்றார் துளசிமணி, பெருமையாக.

படியேறும்போது எனக்குப் பயமாக இருந்தது. நாம் குறைக்கிற எதுவும் குறைவதில்லை, இடம்தான் மாறுகிறது என்று தோன்றியது. ஆனால் துளசிமணியே சந்தோஷமாக இருக்கும்போது நான் ஏன் கவலைப்பட வேண்டும்? எனக்கு என் பெண்டாட்டியின் குரல் வேண்டும். இதை நாற்காலியில் உட்கார்ந்து அவளிடமே விவரமாகச் சொன்னேன்.

வேலுச்சாமி அடுத்து குழாயோடு வந்தான். மடக்கி வளைக்கிற மாதிரியான தகரக் குழாய். அதன் உள்பக்கம் பூரா மில்லில் வாங்கிய கழிவுப் பஞ்சை ஒட்டியிருந்தான். விசிறியிலிருந்து காற்று இதன் வழியாக வெளியே போகும். வளைவுகளில் சத்தம் முட்டிக்கொண்டு பஞ்சில் விழுந்துவிடும்.

"எத்தன வளைவோ அத்தன அமைதி," என்றான்.

குழாய் பின்னறையிலிருந்து கூடத்துக்கு வந்தது. கூடத்தைச் சுற்றி வாசலுக்குப் போனது. படிக்கட்டில் இறங்கியது. எதிர்வீட்டுக்காரர்கள் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஒரு குடும்பம் அதன்மேல் துணி காயப்போட்டது. நாங்கள் நீட்ட நீட்ட அமைதி வந்தது. அதனால் நீட்டிக்கொண்டே இருந்தோம்.

ஆனால் குழாய் நீண்ட அளவுக்கு அறையும் நீண்டுவிட்டது. அதை நான் கவனிக்கவில்லை. செல்வநாயகியின் குரல் சன்னமாகி, தெருக்கோடியில் யாரோ பேசுவது போலக் கேட்டபோதுதான் கதவைத் திறந்து பார்த்தேன். எதிர்ச்சுவர் தெரியவில்லை. இரண்டு பக்கமும் பைகள் தொங்க, நடுவில் ஒற்றையடிப் பாதை போய்க்கொண்டே இருந்தது.

நடந்தேன். கால் வலிக்கும்வரை நடந்தேன். காற்றில் ஈர வைக்கோல் நாற்றம். தரை நனைந்திருந்தது. சற்று முன்தான் யாரோ தெளித்த மாதிரி பைகளின் நுனியில் நீர் சொட்டியது. ஓரிடத்தில் அவளுடைய தண்ணீர் தெளிப்பான் ஒரு பலகைமேல் இருந்தது. கைப்பிடி வெதுவெதுப்பாக இருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அவ்வளவு நெருக்கத்தில் அவள் எனக்கு வெகுநாளாகக் கிடைக்கவில்லை.

ஒன்றைக் கவனித்தேன். காளான் கொத்துகள் எல்லாமே விசிறி இருக்கும் திசைக்குத் திரும்பியிருந்தன. கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன. வெளிச்சம் அந்தப் பக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவற்றிடமும் கொஞ்சம் பேசிவிட்டுத் திரும்பினேன்.

"கொழாயச் சுருக்கு மாப்ள," என்றேன். "அக்கா தொலஞ்சு போயிருவா."

குழாயைச் சுருக்கினான். அறை பழைய அளவுக்கு வந்தது. சத்தமும் வந்தது. வேலுச்சாமி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு எழுந்து ஒரு ரெகுலேட்டரைக் கொண்டுவந்து பொருத்தினான். விசிறியின் வேகத்தைக் குறைத்தான்.

அவள் பேச்சும் மெதுவாகிவிட்டது. ஒரே ஒரு சொல்லைக் காலையில் ஆரம்பித்தாள், சாயங்காலம் முடித்தாள். நான் சாப்பிடக்கூட எழவில்லை. எழுத்து எழுத்தாக வாங்கி வைத்துக்கொண்டேன். அந்தச் சொல் 'கொஞ்சம்'.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கொஞ்சம் என்ன? கொஞ்சம் வாங்க? கொஞ்சம் காப்பி? கொஞ்சம் பாசமாவது இருக்கா? எல்லாவற்றுக்கும் பதில் தயார் செய்துகொண்டேன். தயார் செய்த பதில்களைக் கதவு வழியாகச் சொல்லவும் சொன்னேன். மறுநாள் அடுத்த சொல் வருவதற்குள் காளான் காம்புகள் விரல் விரலாக நீண்டுவிட்டன. தலைகள் மிளகளவு சுருங்கின. காற்று போதவில்லை. அவள் மெதுவாக, மிக மெதுவாக இரும ஆரம்பித்தாள். ஒரு இருமல் அரை நாள் நீடித்தது. அதைக் கேட்க முடியாமல் நானே ரெகுலேட்டரைப் பிடுங்கி எறிந்தேன்.

வேலுச்சாமி அப்போதுதான் ஆயுத பூஜையைப் பற்றிச் சொன்னான்.

"மாமா, மிஷினை நிறுத்துனா அது நிறுத்தம். பூசை வெச்சு நிறுத்துனா அது ஓய்வு. ஓய்வுங்கறது வேற."

"என்ன வேற?"

"ஓய்வுல இருக்கற மிஷினு வேலைய விடறதில்ல மாமா. உள்ளுக்குள்ள செஞ்சுட்டுத்தான் இருக்கும். சத்தம் மட்டுந்தான் இருக்காது. எங்க கடையில வருசா வருசம் பாக்கறன். பூசை வெச்ச மோட்டாரத் தொட்டா வெதுவெதுன்னு இருக்கும்."

"காத்து?"

"கொறையாதுங்க."

நான் நம்பினேன். வருடம் பூராவும் மோட்டாரோடு பழகுகிறவன் சொல்கிறான். அதைவிட, எனக்கு நம்ப வேண்டியிருந்தது.

ஆயுத பூஜை வந்தது. வேலுச்சாமி குளித்து, விபூதி பூசிக்கொண்டு, செவ்வந்திச் சரமும் பொரி கடலையும் வாங்கி வந்தான். விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் வளையத்தைத் துடைத்தோம். பிறகு சுவிட்சை அணைத்தோம். நின்றதும் அவசரம் அவசரமாக ஒவ்வொரு இறக்கைக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தான். சரத்தைச் சுற்றினான். கற்பூரம் காட்டினான். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தோம்.

கோயம்புத்தூரே நின்றிருந்தது. ஒரு லேத் ஓடவில்லை. ஒரு தறி ஆடவில்லை. லாரிகள் வாழைக்கன்றோடு ஓரமாக நின்றன. கீழே ஜெனரேட்டருக்கும் மாலை. துளசிமணிக்கும் நெற்றியில் சந்தனம் வைத்து, மூடியைச் சாத்தி, ஓய்வு கொடுத்திருந்தார்கள். எனக்கு நினைவு தெரிந்து அப்படியொரு அமைதியை நான் கேட்டதில்லை. கற்பூரம் எரிகிற சத்தம் கேட்டது.

நானும் வேலுச்சாமியும் கதவில் காதை வைத்தோம். அவன் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். நான் கேட்க வேண்டியவை நிறைய இருந்தன. ஆனால் முதலில் அவள் பேசட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

உள்ளே தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"நின்னு போச்சாட்ட இருக்குது," என்றாள் செல்வநாயகி.

எவ்வளவு பக்கத்தில் கேட்டது! கதவின் மரத்துக்குள் இருந்து கேட்ட மாதிரி. வேலுச்சாமி சத்தமில்லாமல் அழுதான்.

"அய்யோ, நின்னே போச்சே," என்றாள் மறுபடியும். எங்களிடம் பேசவில்லை. காளான்களிடம் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தூங்குகிற பிள்ளையிடம் பேசுகிற குரல். "கண்ணுகளா, இனி அவரு பேசறது பூராக் கேக்குமே. இத்தன நாளு இந்த ஃபேனு சத்தத்துல நிம்மதியா இருந்தமே. கல்யாணம் ஆன நாள்ல இருந்து எனக்குக் கெடச்ச தூக்கம் இங்கதான் கெடச்சுது. கொஞ்சம் சும்மா இருங்கன்னு எத்தன வாட்டி சொல்லியிருப்பன்? அவரு காதுல உழுந்தாத்தான?"

வேலுச்சாமி என் கையை விட்டுவிட்டான்.

"ஏ மாப்ள," என்றேன்.

"நான் ஒண்ணும் சொல்லலீங் மாமா," என்றான். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் பேச வாயைத் திறந்தேன். என் பக்கத்து நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? அது பெரிய நியாயம். ஆரம்பித்தால் பொழுது சாயும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உள்ளே அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது கேட்டது. அடி விழப்போகிறது என்று காத்திருக்கிறவர்கள் அப்படித்தான் மூச்சைப் பிடிப்பார்கள். நான் அவளை ஒருநாளும் அடித்ததில்லை. பேசியிருக்கிறேன், அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டேன்.

பிடித்த மூச்சை விட்டபோது அவள் இருமினாள்.

முதலில் ஒரு இருமல். பிறகு தொடர்ந்தது. பிறகு காற்றை இழுத்து இழுத்துப் பார்க்கிற அந்தச் சத்தம். நான் ஓடிப்போய்ச் சுவிட்சைப் போட்டேன். விசிறி அசையவில்லை. கதவைத் திறந்து அதைக் கையால் சுற்றினேன். திறந்த அறையில் அவள் இல்லை. இறக்கைகள் மலைபோல் கனத்தன. குங்குமம் என் விரலெல்லாம் ஒட்டியது. திரும்பி வந்து கதவைச் சாத்தினால் இருமல் இன்னும் மோசமாகியிருந்தது.

"பூசை வெச்சது ஓடாதுங் மாமா," என்றான் வேலுச்சாமி. "நாளைக்குக் காலையில தேங்கா ஒடச்சாத்தான்."

"காத்து கொறையாதுன்னு நீதான சொன்ன?"

"எங்க கடையில கொறையாதுங்க. கடையில உள்ள யாரும் இல்லையே."

நான் தரையில் படுத்தேன். கதவுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருக்கிறது. அதில் வாயை வைத்து ஊதினேன். வெறும் காற்று போதாது என்று எனக்குத் தெரியும். அவளுக்குச் சத்தமும் வேண்டும். அதனால் தொண்டையிலிருந்து அந்தச் சத்தத்தை எடுத்தேன். இத்தனை மாதம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அதைத் திட்டியவன் நான். பேரிங் உரசுவது, இறக்கை வளையத்தைத் தொட்டும் தொடாமலும் போவது, கரண்ட் ஏறி இறங்கும்போது முனகுவது, எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒன்றையும் விடாமல் போட்டேன்.

இருமல் குறைந்தது. பிறகு நின்றது. மூச்சு சீரானது. தண்ணீர் தெளிக்கிற சத்தம் ஆரம்பித்தது. பிறகு அதுவும் நின்று, தூங்குகிறவளின் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு என் சத்தத்தில் அதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலை வேலுச்சாமி தேங்காய் உடைத்தான். ஊர் முழுக்க மோட்டார்கள் ஓட ஆரம்பித்தன. துளசிமணியும் ஓடினார். எங்கள் விசிறி மட்டும் ஓடவில்லை. வேலுச்சாமி அதைச் சைக்கிள் ட்யூபிலிருந்து கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான்.

"இனி இது வேண்டியதில்லீங் மாமா," என்றான். "நீங்க அதவிட நல்லாவே ஓடறீங்க."

நான் அதிராமல் இருக்க மார்புக்குக் கீழே பஞ்சு மெத்தை போட்டுவிட்டான். அவ்வப்போது வந்து என் தொண்டையில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விடுகிறான். காளான்கள் நன்றாக வருகின்றன என்று சொன்னான். காம்பு குட்டை, தலை அகலம், நல்ல விலைக்குப் போகிறதாம். இதையெல்லாம் அவளிடம் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. சொல்லவில்லை. சொல்ல வேண்டுமானால் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் அவள் இருமுவாள்.

இன்று கதவுக்கு மிகப் பக்கத்தில் காலடிச் சத்தம் கேட்டது. அவள் குனிந்து தரையோடு தரையாகத் தலையை வைத்தாள் போலிருக்கிறது. இடைவெளி வழியாக அவள் கூந்தலின் ஈரம் என் நெற்றியில் பட்டது.

"ஏனுங்க," என்றாள். என்னைத்தான்.

பிறகு மெதுவாக, நிதானமாக, வெகுநேரம் ஏதோ சொன்னாள். என் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.